திரும்பி வந்த பணம்

அந்தப் பகல்நேரக் காப்பகத்தில் இருபத்திரண்டு குழந்தைகள். அதை நடத்துபவளைப் பெற்றோரும் ‘பெரியம்மா’ என்றே கூப்பிட்டார்கள். ஒண்டிக்கட்டை. வேலை பார்த்த துணிக்கடையை மூடியபோது கிடைத்த பணத்தில் வீடொன்றை வாடகைக்குப் பிடித்து, கூடத்தில் பாய் விரித்துத் தொடங்கிய தொழில்.

கட்டணத்தைக் கேட்க அவளுக்கு நாக்கு எழாது. அதனால் பெற்றோரின் கணக்கிலிருந்து ஒன்றாம் தேதி பணம் தானாக வந்து விழும்படி வங்கியில் ஏற்பாடு செய்திருந்தாள்.

ஒரு மாதம் ஒன்பது பேர் கணக்கில் பணமில்லை. திரும்பிய ஒவ்வொன்றுக்கும் வங்கி அவளிடம் அபராதம் பிடித்தது. பதறிப்போய் மறுநாளே பணம் கேட்டு வங்கிக்கு மறுபடி அனுப்பினாள். மறுபடி திரும்பியது, மறுபடி அபராதம். வாடகைப் பணத்தில் பாதி அதிலேயே கரைந்தது.

வீட்டுக்காரர் வாசலில் நின்று, "இன்னொரு தடவை தாமதமாச்சுன்னா காலி பண்ணிடுங்கம்மா" என்றார். அன்றிலிருந்து போன் சிணுங்கினாலே வீட்டுக்காரரோ என்று பயந்தாள்.

வங்கிக்குப் போனாள். கவுன்டரில் இருந்த பெண் திரையைப் பார்த்தபடியே கேட்டாள்: "இவங்களுக்கெல்லாம் சம்பளம் எப்ப வருது?"

"தெரியாதுங்க. கேட்டதில்ல."

"கேளுங்க. தேதியை மாத்திடலாம். முந்தின நாள் போன் போட்டு ஞாபகப்படுத்துங்க. பணம் இல்லேன்னு யாராவது சொன்னா, நாலு மணிக்குள்ள எங்களுக்குச் சொல்லுங்க. நிறுத்தி வச்சிடறோம், அபராதம் வராது."

கேட்கப்போய், பிள்ளையை வேறிடத்துக்குக் கூட்டிப் போய்விட்டால் என்று பயந்துகொண்டேதான் கேட்டாள்.

பெரும்பாலோருக்குச் சம்பளம் ஐந்தாம் தேதிக்குள் வந்துவிடும் என்று விசாரித்து, ஆறாம் தேதிக்கு மாற்றினாள். ஐந்தாம் தேதி மதியம் குழந்தைகள் தூங்கியதும், சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஒவ்வொருவராக அழைத்தாள்.

"என்ன பெரியம்மா, கிணத்துக்குள்ளேர்ந்து பேசறீங்களா?" என்று சிரித்தார் லாரி ஓட்டும் அப்பா. "என் கணக்கைப் பத்திக் கவலையே படாதீங்க!"

கடைசியாக ஒரு நர்ஸ். இரண்டு முறை எடுக்கவில்லை. மூன்றாம் முறை எடுத்தாள். விசும்பல்தான் கேட்டது.

"வேலை போயி மூணு வாரமாச்சு, பெரியம்மா. சொன்னா பிள்ளையை நிறுத்திடுவீங்கன்னு பயம். தினமும் யூனிஃபார்ம் போட்டுக்கிட்டு வந்து விட்டுட்டு, வேலை தேடி அலையறேன்."

"நான்தாம்மா உங்களுக்கெல்லாம் பயந்து செத்துக்கிட்டு இருக்கேன்" என்று பெரியம்மாவின் வாயிலிருந்து வந்துவிட்டது. "இந்த மாசம் உன் பணத்தை எடுக்க வேணாம்னு சொல்லிடறேன். பிள்ளையை எப்பவும் போலக் கொண்டாந்து விடு."

மணி நான்காக எட்டு நிமிடம் இருந்தது. வங்கி எண் கிடைக்கவில்லை. திரும்பத் திரும்ப அழுத்தினாள். அவசரத்தில் ஒரு முறை தப்பான எண்ணுக்கும் போயிற்று. கூடத்தில் ஒரு குழந்தை விழித்து அழத் தொடங்கியது. மூன்று ஐம்பத்தேழுக்கு அந்தக் கவுன்டர் பெண் எடுத்து, நர்ஸ் பணத்தை நிறுத்தி வைத்தாள்.

மறுநாள் இருபது பேர் பணம் வந்தது. திரும்பியது ஒன்றே ஒன்று, லாரிக்காரருடையது. சாயங்காலம் அவர் தலையைச் சொறிந்துகொண்டு, அபராதத்தையும் சேர்த்துக் கையில் கொடுத்தார்.

"டயர் வாங்கினதே மறந்துபோச்சு, பெரியம்மா."

வாடகை அன்றே வீட்டுக்காரருக்குப் போயிற்று. நர்ஸுக்கு இரண்டு மாதம் கழித்து வேலை கிடைத்தது. பாக்கியை மூன்று தவணையாகக் கொடுத்தாள்.

ஆனாலும் ஐந்தாம் தேதி மதியம் வந்தால் பெரியம்மாவுக்கு இன்றும் சோறு இறங்குவதில்லை. கதவைச் சாத்திக்கொண்டு முதல் எண்ணை அழுத்துமுன் சற்று நேரம் சும்மா நிற்கிறாள்.