தோகை தின்னும் பூசணம் விற்றேன்

கண்ணுக்குத் தெரியாத ஒன்றைப் பாக்கெட்டில் போட்டு விற்பது என்ன பாடு என்று, இன்சூரன்ஸ் விற்கும் நண்பர்களே, உங்களுக்காவது புரியும். பயிர்க் கழிவை மக்க வைக்கும் பூஞ்சைத் தூளோடு திருப்பதியிலிருந்து ஸ்கூட்டியில் ஊர் ஊராகப் போகிறவள் நான். என் முதல் கரும்பு விவசாயி, வெதுருகுப்பம் பக்கத்து முனிரத்தினம்.

ஊறுகாய் ஜாடி

கரும்பு வெட்டிய நிலத்தில் காய்ந்த இலை, அதாவது தோகை, முழங்கால் உயரம் கிடந்தது. போன வருஷம் அதற்கு வைத்த நெருப்பு வரப்பைத் தாண்டி, காய்க்கிற மாமரம் மூன்றைக் கருக்கிவிட்டதாம். அதனால் தூளைத் தெளித்துப் பார்க்க முனிரத்தினம் உடனே சம்மதித்தார். அவர் மனைவி கலாவதி பாக்கெட்டை முகர்ந்து பார்த்தார்.

"எங்க ஊட்டு ஊறுகாயில பூசணம் வந்தா தூக்கிக் கொட்றோம். நீ அத்தயே பாக்கெட் போட்டு எடுத்தாந்துகிறியேம்மா!"

ஒரே டேங்க்

சாணிக் கரைசலில் கலந்து தெளித்து, ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தேன். இரண்டு வாரம் கழித்துப் போனால் தோகை அப்படியே சலசலக்கிறது. "இன்னும் பத்து நாள் பாப்பேன், அப்பால நெருப்புதான்" என்றார் முனிரத்தினம். எப்படித் தெளித்தீர்கள் என்று துருவிக் கேட்டேன். தக்காளிக்கு வாங்கிய பூஞ்சைக்கொல்லியையும் அதே டேங்கில் ஊற்றியிருக்கிறார், ஒரே நாளில் இரண்டு வேலையும் முடியுமே என்று!

நல்லவேளை, பாதி நிலத்துக்குத்தான் தெளித்திருந்தார். மீதிப் பாதிக்கு, முழங்கை வரை கையைச் சாணிக்குள் விட்டு நானே கரைத்தேன். அவர் பக்கத்தில் நின்று சொன்னார்:

"ஒண்ணையொண்ணு சாவடிக்கும்னு பாக்கெட்டு மேல எழுதியிருக்கணும் இல்ல மேடம்?"

வெள்ளை நூல்

ஒன்பதாம் நாள் காலையில் போன். "மேடம், சீக்கிரம் வாங்க. தோகைக்கு ஏதோ நோவு வந்துகினுகீது!"

அன்று விற்கப் போயிருந்த ஏர்பேட்டிலிருந்து எப்படிப் போய்ச் சேர்ந்தேனோ! மேல்தோகையை விலக்கினால், அடியில் இலைக்கு இலை வெள்ளை வெள்ளையாய் நூல். கையை விட்டேன், கதகதப்பு. கையைக் கிழிக்கிற தோகை, நனைந்த காகிதம்போலப் பிய்ந்து வந்தது. "வந்துடுச்சு!" என்று நான் கத்திய கத்தலில், பாம்பு என்று நினைத்துக் கலாவதி கம்போடு ஓடிவந்தார். மூன்று பேரும் மண்டிபோட்டு, இங்கே பார், அங்கே பார் என்று அந்தப் பாதி நிலம் முழுக்கப் புரட்டினோம். முனிரத்தினம் மாமரங்களைத் திரும்பிப் பார்த்து, "இனிமே இங்க நெருப்பே இல்ல" என்றார். எனக்குக் கண் கலங்கியது.

கலாவதிக்கு மட்டும் ஒரு சந்தேகம்.

"எல்லாம் சரிம்மா, இத்த துன்னு முடிச்சிட்டு கரும்பைத் துன்ன வராதில்ல?"

ஆக, பூசணம் வராவிட்டால் ஏமாற்றுக்காரி, வந்துவிட்டால் நோய் பரப்பியவள்; இரண்டுக்கும் நடுவே கிடைக்கிற அரைமணி நேரக் கும்மாளத்துக்குத்தான் நான் ஸ்கூட்டிக்குப் பெட்ரோல் போட்டுக்கொண்டிருக்கிறேன்.