ஐந்து கோப்பைகளும் ஒரு ஜோடி ஷூவும்

காலை 5.50, ஆவடி பேருந்து நிலையம். மகள் நிவேதாவை ஈட்டி எறியும் தேர்வுக்கு அழைத்துக்கொண்டு, திருமழிசையைத் தாண்டியிருக்கும் ஒரு கல்லூரிக்குக் கிளம்பினேன். பூந்தமல்லி வரை பத்து கிலோமீட்டர் சொச்சம். அங்கே பஸ் மாற வேண்டும். ஈட்டி எறியும் பெண்களுக்கு அந்தக் கல்லூரியில் ஒரே ஓர் இடம். கிடைத்தால் படிப்பும் விடுதியும் இலவசம். கிடைக்காவிட்டால் என் தொழிற்சாலைச் சம்பளத்துக்கு எட்டிய ஏதோ ஒரு படிப்பு. ஈட்டிக்கு அத்தோடு முழுக்கு.

விளையாட்டுக் கோட்டாவில் சேர்வது எப்படி என்று நிறையப் படித்திருந்தேன். எதையும் படித்துவிட்டுத்தான் தப்பாகச் செய்வது என் வழக்கம். அவள் வென்ற ஐந்து கோப்பைகளையும் கட்டைப்பையில் நானே அடுக்கியிருந்தேன்.

"இன்னா சார், பாத்திரக்கடைய ஷிஃப்ட் பண்றியா?" என்றார் கண்டக்டர்.

"கப்புங்க. என் பொண்ணு ஜெயிச்சது."

"பொண்ணுக்கு டிக்கெட் ஃப்ரீ. கப்புக்கு லக்கேஜ் போடலாமான்னு யோசிச்சுகினு கீறேன்."

பருத்திப்பட்டு ஏரியில் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. தேர்வில் கேள்வி கேட்டால் பதில் சொல்ல நான் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தேன்.

"உன் பலவீனம் என்னன்னு கேட்டா?"

"எங்கப்பான்னு சொல்லுவேன்."

6.40, பூந்தமல்லி. மெட்ரோ தூண்களுக்கு எதிரே டீ பதினைந்து ரூபாய். அவளுக்கும் சேர்த்துப் பொங்கல் வாங்கினேன். "இதைத் தின்னுட்டு எறிஞ்சா நான்தான்பா கீழ விழுவேன்" என்றாள். இரண்டையும் நானே சாப்பிட்டேன்.

7.40, கல்லூரி மைதானம். பயிற்சியாளர், விசிலைக் கழுத்தில் மாட்டியிருந்த ஓர் அம்மாள்.

"எப்போலேருந்து எறியறே?"

"எட்டாங்கிளாஸ்லேருந்து மேடம்" என்றேன் நான்.

"ஈட்டி நீங்க எறியப் போறீங்களா சார்?"

உட்கார்ந்துவிட்டேன். மடியில் எடுத்து வைத்த கோப்பைகளை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஷூவை மாட்டிக்கிட்டு வாம்மா."

நிவேதா பையைத் துழாவினாள். பிறகு என்னைப் பார்த்தாள். ஐந்தாவது கோப்பைக்கு இடம் போதாமல், செய்தித்தாளில் சுற்றியிருந்த ஏதோ ஒன்றை வெளியே எடுத்து வைத்தது அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது. ஆணி வைத்த ஷூ. ஆவடியில், அலமாரி மேல் பத்திரமாக இருந்தது.

"அதை எடுத்துட்டு கப்பையா வெச்சே?" அவ்வளவுதான் கேட்டாள். வந்திருந்த மற்ற பெண்களிடம் கேட்டுப் பார்த்தாள். யாருடைய ஷூவும் அளவு சேரவில்லை. "வெறுங்கால்ல எறியறேன் மேடம்."

மூன்று வாய்ப்பு. முதலாவதில் புல் ஈரத்தில் கால் வழுக்கிக் கோட்டைத் தாண்டியது, செல்லாது. இரண்டாவதில் பயந்து பயந்து ஓடினாள். ஈட்டியும் பயந்துதான் போனது. மூன்றாவதுக்கு முன் குனிந்து உள்ளங்காலில் மண்ணை அள்ளித் தேய்த்துக்கொண்டாள்.

ஷிப்ட் வேலையால் அவள் எறிந்து நான் நேரில் பார்த்ததே இல்லை. கோப்பை துடைத்ததோடு சரி. ஓடி வந்தாள்; உடம்பு வில்லாக வளைந்தது; ஈட்டி கையை விட்டது. என் வீட்டில் தண்ணீர்க் குடத்தைத் தூக்க மாட்டேன் என்று சண்டை போடும் கை அது. ஈட்டி ஏறிக்கொண்டே போனது. இறங்கும் உத்தேசமே அதற்கு இல்லை என்று தோன்றியது. எங்கள் குவார்ட்டர்ஸ் வாசலிலிருந்து எறிந்திருந்தால் தண்ணீர்த்தொட்டியைத் தாண்டி ரேஷன் கடை வாசலில் குத்தி நின்றிருக்கும். வாயைத் திறந்தபடி எழுந்து நின்றிருக்கிறேன். மடியிலிருந்த கோப்பைகள் உருண்ட சத்தம்கூடக் கேட்கவில்லை.

பயிற்சியாளர் ஈட்டி குத்திய இடம் வரை நடந்து போய்க் குனிந்து பார்த்தார். மற்றவர்களும் எறிந்து முடித்தபின் என்னிடம் வந்தார்.

"சீட் உங்க பொண்ணுக்குத்தான். திங்கக்கிழமை வந்து சேரச் சொல்லுங்க. ஷூவோட."

திரும்பும் பஸ்ஸில் அதே கண்டக்டர். "இன்னா நைனா, ஒண்ணுகூட விக்கலியா?"

"அப்பா கடையை மூடிட்டாருண்ணா" என்றாள் நிவேதா. சேறு காய்ந்த காலை என் பை மீது நீட்டிக்கொண்டு தூங்கிப்போனாள். நான் நகரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக ஷூவை எடுத்துக் கட்டைப்பைக்குள் வைத்தேன். திங்கட்கிழமைக்கு இன்னும் நாள் இருந்தது.