மேஸ்த்ரோ சிரியாக்கோவின் தொப்பி

யாராவது நன்றாகப் பாடினால் எங்கள் கோயிலின் பாட்டு ஆசான் மேஸ்த்ரோ சிரியாக்கோ தன் கம்பளித் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்வார். பிசகாகப் பாடினால் அதே தொப்பியைக் காது மறைய இழுத்துவிட்டுக்கொள்வார். கடற்காற்று குன்றேறி வந்து மூக்கைச் சிவக்கவைக்கிற மாதங்களிலும் இந்த வழக்கம் மாறாது. கோயில் படிகளின் அடியில் நான் ஜெபமாலை கோக்கிற மேசை இருக்கிறது. அதன் பக்கத்து முக்காலிதான் அவர் இடம். மீன்காரி பாடிக்கொண்டு போனால் தெருவே அவர் தலையைப் பார்க்கும். "மேஸ்த்ரோ காதை மூடிட்டாருடி, நீ மீனை மட்டும் வித்தாப் போதும்" என்பாள் மெழுகுவர்த்திக் கடைக்காரி.

அறுபதைத் தாண்டியவர். ஆள் நல்ல உயரம், கைகள் அதைவிட நீளம். தாடையில் ஒரு ரோமம் கிடையாது. தலையிலோ அடர்ந்த வெள்ளை முடி. வழுக்கை விழுந்த எங்கள் தெரு ஆண்களுக்கு அதில் கொஞ்சம் பொறாமை. வாயைத் திறந்தால் பத்து வயதுப் பிள்ளையின் குரல். வெளியூர் யாத்திரீகர்கள் சிரிப்பார்கள். "சிரிங்க, சிரிங்க. நாளைக்குப் பூசையில இதே குரலைக் கேட்டுத்தான் அழப்போறீங்க" என்பார். அழுதுகொண்டுதான் போவார்கள். பெண்கள் கோயிலில் பாடக்கூடாது. குரலில் அந்த உயரத்துக்கு வேறு யார் போவது? பெரிய திருநாட்களில் இன்னும் அவர்தான் தனியாக எழுந்து நின்று பாடுகிறார். மாதாவின் உடுப்பு நம் தலைக்கு மேலே உரசிக்கொண்டு போவதுபோல இருக்கும். அந்தக் குரலுக்காக ஆண்டவருக்கு நன்றி சொல்லத் தொடங்குவேன். அது எப்படி வந்தது என்று நினைத்ததும் வாய் நின்றுவிடும்.

பன்றி கடித்தது என்றுதான் சொல்வது. அவரைப் போன்ற பாடகர்கள் எல்லோரையும் சிறுவயதில் பன்றிதான் கடித்திருக்கிறது. குரல் உடையாமலிருக்கப் பையனின் ஆண்மையில் கத்தி வைத்தவர்களைத் திருச்சபை விலக்கிவிடும். அதனால் பெற்றவர்கள் பன்றியைச் சொல்வார்கள், யாரும் மேலே கேட்கமாட்டார்கள். "எங்க பக்கத்துப் பன்றிகளுக்குச் சங்கீத ஞானம் ஜாஸ்தி, நூன்சியா. நல்லாப் பாடுற பையனாப் பார்த்துத்தான் கடிக்கும்" என்றார் ஒருநாள் என்னிடம். சொல்லிவிட்டு, உப்பிலிட்ட பன்றித்தொடையில் ஒரு சீவலை வாயில் போட்டுக்கொண்டார்.

அவருக்குக் கல்யாணம் செய்துவைக்கவும் கோயில் சம்மதிக்காது. தெருக் குழந்தைகளையெல்லாம் தூக்கி வைத்துக்கொள்வார். தாய் கையை நீட்டினால் போதும், உடனே கொடுத்துவிடுவார்.

என் மகன் எமிடியோவுக்கு எட்டு வயது இருக்கும்போது அவன் பாடினால் என் விரல் மணியைத் தவறவிடும். என் வீட்டுக்காரர் சாந்தே, அங்கோனாத் துறைமுகத்திலிருந்து யாத்திரீகர்களை ஏற்றிவருகிற வண்டிக்காரர். இப்படியொரு பாடகர் வெனிஸில் ஆறு குதிரை வண்டியில் போகிறார் என்று எவனோ அவர் காதில் ஓதிவிட்டான். மலையூரிலிருந்து ரணவைத்தியனை வரச்சொல்லி ஆள் போயிற்று. எந்தப் பன்றியைச் சொல்வது என்றுகூட முடிவாகியிருந்தது: எதிர்வீட்டுக் கறுப்புப் பன்றி. நான் அழுதேன், காலைப் பிடித்தேன். "மாதாவுக்குத்தானே பாடப்போறான், உனக்கு என்ன கசக்குது?" என்றார். ஒன்றுதான் பாக்கி. குரல் தேறும் என்று மேஸ்த்ரோ ஒரு வார்த்தை சொல்லவேண்டும். அது இல்லாமல் பாடற்குழுவில் சேர்க்கமாட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் சாந்தே பையனை முக்காலிக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார். எமிடியோ மாதா பாட்டைப் பாடினான். தெரு அடங்கிப்போயிற்று. மேஸ்த்ரோவின் கை தொப்பிக்குப் போனதைப் பார்த்தேன். விளிம்பைப் பிடித்துக் கொஞ்சம் தூக்கக்கூடச் செய்தது. பிறகு அவர் இரண்டு கையாலும் அதைக் கீழே இழுத்தார். காது மறைந்தது, கண்ணும் மறைந்தது.

"கதவிடுக்குல வால் மாட்டின பூனைகூட இதைவிட நல்லாக் கத்தும். பையனுக்கு வண்டி ஓட்டக் கத்துக்கொடு, சாந்தே."

ஊரே மெச்சுகிறதே என்று சாந்தே வாதாடிப் பார்த்தார்.

"ஊரு மெச்சும். இவனை வெட்டினா உனக்குப் பாட்டும் கிடையாது, பேரனும் கிடையாது."

வெட்டு என்கிற சொல்லை எங்கள் தெருவில் அதற்குமுன் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சாந்தே தலையைக் குனிந்துகொண்டார். தொப்பியே இறங்கிவிட்ட பிறகு தெருவில் யாருக்குச் சந்தேகம் வரும்? வைத்தியனுக்கு வரவேண்டாம் என்று ஆள் போயிற்று.

எமிடியோ அதன்பிறகு வண்டிப்பாதையில் குதிரைகளுக்குத்தான் பாடினான். மேஸ்த்ரோ கண்ணில் பட்டால் வாயை மூடிக்கொள்வான். எனக்கு மட்டும் அவர் தொப்பி விளிம்பைத் தூக்கியது நினைவிருந்தது. நான் கேட்கவில்லை. வீட்டில் பயறு வெந்தால் முதல் கிண்ணம் அவருக்குப் போகும்; ஜெபமாலையில் ஒரு பத்து மணி அவருக்காகப் போகும். ஒரு தவக்காலத்தில் நான் பாவசங்கீர்த்தனத்துக்குக் கிளம்பினபோது, கிண்ணத்தைத் துடைத்தபடி அவராகவே சொன்னார்: "நானும் எல்லாப் பாவத்தையும் சாமியார்கிட்ட சொல்லிடறேன், நூன்சியா. ஒரே ஒரு பொய்யை மட்டும் சொல்றதில்லை. வருத்தப்பட்டாத்தானே சொல்லணும்?"

போன மாதம் எமிடியோவின் மகனுக்கு ஞானஸ்நானம். என் மகனுக்கு இப்போது மார்வரை தாடி. குரல் ஒயின் பீப்பாய்க்குள்ளிருந்து வருவதுபோல. பிள்ளையை ஏந்திக்கொண்டு படியிறங்கும்போது சந்தோஷத்தில் தன்னை மறந்து அதே மாதா பாட்டைப் பாடினான். பாடிக்கொண்டே வந்து குழந்தையை மேஸ்த்ரோவின் மடியில் வைத்தான். அப்போதுதான் யார் முன்னால் நிற்கிறோம் என்று தெரிந்தது போலும்; நிறுத்தப் பார்த்தான்.

சாந்தே சிரித்தார். "இன்னும் விடமாட்டேங்கறான் பாருங்க மேஸ்த்ரோ. நீங்கதான் அன்னிக்கே சொன்னீங்களே."

"பாடு" என்றார் மேஸ்த்ரோ.

எமிடியோ பாடினான். காற்று பலமாக அடித்துக்கொண்டிருந்தது. மேஸ்த்ரோ ஒரு கையால் குழந்தையை அணைத்துக்கொண்டு, மறுகையால் தொப்பியைக் கழற்றினார். மடியில் வைக்க இடமில்லை. குழந்தையின் காலுக்கு மேலே அதைப் போர்த்தினார்.