தனியாகப் பயன்படுத்திய கரடி

என் அத்தை அச்சடிக்கும்போது அறைக் கதவைத் தாழ் போட்டுக்கொள்வாள். உள்ளே பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. ஒரு பிரிண்டர், படத்தைத் துணியில் சூடாக அழுத்தும் ஒரு மெஷின், கொட்டாவி விடும் ஒரு கரடி. அந்தக் கரடிப் படத்தை இணையத்தில் விலை கொடுத்து வாங்கியிருந்தாள். கூடவே வந்த நிபந்தனையைத் தமிழில் மாற்றிப் பார்த்தபோது, ‘தனிப்பட்ட பயன்பாட்டுக்கு மட்டும்’ என்று இருந்தது.

“தனியாத்தான் பயன்படுத்தணுமாம். போடி வெளியே!”

மாமாவின் சட்டைகள் அந்த அறையில்தான் இருந்தன. அவர் துண்டோடு நடையில் நின்று, “ஆபீசுக்கு நேரமாச்சு” என்பார். “கரடி வேலை முடியட்டும்” என்று உள்ளிருந்து பதில் வரும்.

அத்தை முன்பு பல் டாக்டரிடம் வரவேற்பு மேசையில் இருந்தவள். பயந்து வருகிறவர்களிடம் ‘வலிக்கவே வலிக்காது’ என்று கூசாமல் பொய் சொல்வதுதான் உத்தியோகம். டாக்டர் மூட்டை கட்டியதும் தலையணை உறைத் தொழிலில் இறங்கினாள். முதலில் உறைகளில் பெயர் மட்டும் அச்சடித்தாள். வாங்கியது பூராவும் சொந்தக்காரர்கள். ஆஹா ஓஹோ என்பார்கள். அவர்கள் வீட்டில் உறை பீரோவுக்கு அடியில் கிடக்கும். நான் பார்த்திருக்கிறேன், சொன்னதில்லை. அவளுக்கும் தெரிந்திருக்க வேண்டும். “முகத்துக்காக வாங்காத ஒரே ஒரு ஆள் வாங்கினா போதும்டி” என்பாள்.

குழந்தைகள் சாமான் கடைக்கு நாங்கள் கொண்டுபோன கரடி உறையைக் கடைக்காரம்மா திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“நல்லா இருக்கே, கடையில வைக்கலாம். விக்கறதுக்கு லைசென்ஸ் இருக்கில்ல?”

“இருக்கே! சத்தியமா தனியாத்தான் பயன்படுத்தினேன். வேணும்னா இவளைக் கேளுங்க.”

“ஆமாங்க, மாமாவைக்கூட விடல. துண்டோட நின்னார்” என்று நான் சாட்சி சொன்னேன்.

கடைக்காரம்மா சிரித்துச் சிரித்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: “உங்க வீட்டுத் தலையணைக்குப் போட்டுக்கலாம், விக்கக் கூடாதுன்னு அர்த்தம்மா அது. காசு குடுத்து வாங்கினாலும் படம் வரைஞ்சவங்களோடதுதான். விக்கறதுக்கு வேற லைசென்ஸ் எடுக்கணும். எடுத்துட்டு வாங்க, அலமாரியில இடம் இருக்கு.”

வீட்டுக்கு வந்ததும் அத்தை கம்ப்யூட்டரில் கரடிக்கு மூக்குக்கண்ணாடி மாட்டினாள்.

“இப்போ இது என் கரடி.”

“மாமா கண்ணாடி போட்டா வேற ஆளா ஆயிடறாரா அத்தை?”

மாமாவை ஒரு முறை உற்றுப் பார்த்தாள். பெருமூச்சு விட்டுக் கரடியின் கண்ணாடியைக் கழற்றினாள்.

படம் வரைந்தவருக்கே எழுதிக் கேட்கலாம் என்றேன். “‘மதிப்புக்குரிய கரடிக்காரருக்கு’ன்னு ஆரம்பி” என்றாள். ஆரம்பித்தேன். ‘உங்கள் கரடியால் எங்கள் மாமா சட்டையில்லாமல் நிற்கிறார்’ என்ற வரி மட்டும் என் கைச்சரக்கு. பதில் வந்தது: விற்பனை உரிமம் என்று வேறொன்று இருக்கிறது, அதை எடுத்தால் உறையில் அச்சடித்து விற்கலாம், படத்தின் ஃபைலை மட்டும் யாருக்கும் கொடுக்கக் கூடாது, உங்கள் மாமாவுக்கு என் அனுதாபங்கள். இதில் எங்காவது ‘தனி’ வருகிறதா என்று அத்தை வரிவரியாக என்னைத் துருவினாள். வரவில்லை என்றதும்தான் உரிமத்தை வாங்கினாள். அன்று கதவைத் திறந்துபோட்டே அச்சடித்தாள். மாமா வேண்டுமென்றே நாலு சட்டை மாற்றினார்.

உறைகள் கடைக்குப் போன அன்று, குழந்தைகளைக் குளிப்பாட்டும் பிளாஸ்டிக் தொட்டிகளுக்குப் பின்னால் நானும் அத்தையும் ஒளிந்திருந்தோம். ஒரு சின்னப் பெண் கரடி உறையை எடுத்து மோந்து பார்த்தாள்.

“வீட்டுல உறை குவிஞ்சு கிடக்கு, வச்சிடு” என்றாள் அவள் அம்மா.

அவள் வைத்துவிட்டாள். என் மணிக்கட்டில் அத்தையின் நகம் பதிந்தது. “வச்சிடுச்சேடி” என்றவளின் குரல் எனக்குப் பிடிக்கவில்லை. தொட்டிகளுக்கு நடுவே தலையை நீட்டி, அந்தக் குட்டியிடம் உறையைக் காட்டி, ‘அப்ப எனக்கு’ என்று சைகை செய்தேன். அவ்வளவுதான். உறையைக் கட்டிக்கொண்டு தரையில் உருண்டாள் பாருங்கள், கடையே அதிர்ந்தது.

“சனியனே, எழுந்திரு! வாங்கித் தொலைக்கிறேன்.”

“கேட்டியாடி? திட்டிக்கிட்டே வாங்கறாங்க!” என்று அத்தை பூரித்துப்போய்ப் பின்னால் இருந்த தொட்டிக்குள் தொப்பென்று உட்கார்ந்தாள். அது பச்சைக் குழந்தைக்கான தொட்டி. படாரென்று விரிசல் விட்டது.

அதை நாங்கள் வாங்கித் தொலைத்தோம்.