புன்னைக்காயலுக்குச் சொல்லப் போன செய்தி

நான் நன்னடத்தை அலுவலர். சிறைக்கு அனுப்பாமல் நீதிமன்றம் விடுவித்தவர்களைக் கண்காணிப்பது என் வேலை. காலியிடங்களை நிரப்பாததால் மற்றவர்களின் பகுதிகளையும் நானே சுமந்து களைத்துப்போய், விருப்ப ஓய்வுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். அதைச் சொல்லத்தான் புன்னைக்காயலுக்குப் போனேன். அடிதடி வழக்கில் அப்படி விடுவிக்கப்பட்டு என் கண்காணிப்பில் இருந்த மீனவர் அந்தோணி கரையில் நின்றிருந்தார்.

“மேடம், நேத்து ஒருத்தன் என் வலைய அறுத்துட்டான். அரிவாள எடுத்துட்டேன். நாளைக்கு நீங்க வருவியளே, ஒங்க மொகத்துல எப்படி முழிக்கன்னு கீழ போட்டுட்டேன்.”

சொல்ல வந்ததை விட்டுவிட்டு, குறிப்பேட்டில் அவர் கையெழுத்தை வாங்கினேன்.

“அடுத்த மாசமும் வருவியல்லா?” என்று கேட்டார்.

“வருவேன்” என்றேன்.

மறுநாளே விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். களைப்பு இன்னும் தீரவில்லை. எனக்குப் பிறகு அவரைப் பார்க்க யார் போவார்கள் என்பதும் தெரியவில்லை.