நிறைபுத்தரிக்குப் பறித்த கதிர்

மூன்று வருஷத்துக்கு முன்பு, ஆடி மாதம் நிறைபுத்தரி அன்று காலையில் நடந்தது இது. பூதப்பாண்டிக்குப் பக்கத்தில் நாங்கள் வீடு கட்டிக் குடியேறிய முதல் வருஷம். வீடு நிற்கும் இடமும் பழைய வயல்தான். பிளாட் போட்டு விற்றதில் நானும் ஒன்று வாங்கியிருந்தேன். பின்வாசலைத் திறந்தால் மிச்சமிருக்கும் வயல் தெரியும்.

நிறைபுத்தரி என்றால் புது நெற்கதிரைக் கோயிலில் வைத்துப் பூஜை செய்து ஆளுக்குக் கொஞ்சம் கொடுப்பார்கள். அதை வீட்டு நிலையில் கட்டுவோம். நாலு மணியை உரித்துப் பாயசத்தில் போட்டுக் குடிப்பது எங்கள் வீட்டு வழக்கம். வருஷம் முழுக்கச் சோற்றுக்குக் குறைவு வராது என்று ஒரு நம்பிக்கை. ஒன்பது வருஷம் சவுதியில் கிடந்துவிட்டு வந்தவன் இல்லையா, புது வீட்டில் முதல் கதிர் கட்ட மனைவியைவிட எனக்குத்தான் ஆசை அதிகம். ஆசை இருந்து என்ன, சீக்கிரம் எழுந்திருக்கவில்லை. கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது கதிர் தீர்ந்திருந்தது.

வெறுங்கையோடு போனால் வீட்டில் என்ன கிடைக்கும் என்று தெரியும். திரும்பும் வழியில் ரோட்டோரம் ஒரு வயலில் முற்றத் தொடங்கிய கதிர் தலைசாய்ந்து நின்றது. ஸ்கூட்டரை நிறுத்தி, அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, சாமிக்குத்தானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு ஒரு பிடி பறித்தேன். வண்டியில் ஏறும்போது தூரத்து வரப்பிலிருந்து ஒரு பெண்குரல். "கள்ளா... கள்ளா..." என்று காதில் விழுந்தது. ஐம்பது வயதிருக்கும், கையை வீசிக்கொண்டு ஓடி வந்தார். நல்லவேளை ஹெல்மெட் போட்டிருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு வண்டியை முறுக்கினேன்.

வீட்டில் உண்மையைச் சொல்லவில்லை. கோயிலில் நல்ல கூட்டம் என்று மட்டும் சொன்னேன். மனைவி கதிரை விளக்கின் முன் வைத்துக் கும்பிட்டு, நாலு மணியை நகத்தால் உரித்துப் பாயசத்தில் போட்டாள். நாலு வயது மகள் டம்ளரோடு அடுப்படியிலேயே நின்றாள்.

அப்போது பின்வாசலில் அந்தப் பெண். நான் ரோடு சுற்றி வந்த தூரத்தை, வண்டி எந்த வீட்டில் நிற்கிறது என்று பார்த்துக்கொண்டே, அவர் வரப்பு வழியே குறுக்காக ஓடி வந்திருந்தார். முழங்கால்வரை சேறு. மனைவிக்குத் தெரிந்துவிடுமே என்ற பதற்றத்தில் நான் முந்திக்கொண்டேன். நாலு கதிருக்காகவா இவ்வளவு தூரம் வந்தீர்கள் என்று குரலை உயர்த்தியே கேட்டேன். இன்று நினைத்தாலும் கூசுகிறது.

அவர் அதைக் காதில் வாங்கவே இல்லை. மூச்சிரைக்க, "பிள்ளைக்குக் குடுத்துட்டியளா மக்கா? நேத்து சாயங்காலந்தான் பூச்சிமருந்து அடிச்சிருக்கு" என்றார்.

நான் அடுப்படியைத் திரும்பிப் பார்த்தேன். மகள் டம்ளரிலிருந்த சூடான பாயசத்தை ஊதிக்கொண்டிருந்தாள். அவரே உள்ளே போய் அதை வாங்கினார். குடித்தாயா என்று கேட்டதற்கு இல்லையென்று தலையாட்டினாள். அவள் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டார். பாயசத்தைக் குழி தோண்டிக் கொட்டச் சொன்னார். மாடு எதுவும் தின்றுவிடக் கூடாது என்று கதிரையும் பேப்பரில் சுற்றி எடுத்துக்கொண்டார். மனைவி என்னைப் பார்த்த பார்வையைப் பற்றி எழுத வேண்டாம்.

கிளம்பும்போது மன்னிப்புக் கேட்டேன். கள்ளா என்று நீங்கள் கூப்பிட்டும் நிற்காமல் வந்தது தப்பு என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

"நான் எப்பம் கள்ளான்னு விளிச்சேன்? அது கொள்ளாது, கொள்ளாதுன்னுல்லா விளிச்சேன்" என்றார்.

கொள்ளாது என்றால் எங்கள் ஊர்ப் பேச்சில் நல்லதில்லை, ஆகாது என்று அர்த்தம். சின்ன வயதிலிருந்து நானும் தினமும் சொல்லும் வார்த்தைதான். திருடிய கையோடு நின்றதால் அது எனக்கு வேறாகக் கேட்டிருக்கிறது.

அந்த வருஷம் எங்கள் நிலையில் கதிர் கட்டவில்லை. கள்ளன் என்று கூப்பிட அவருக்கு எல்லா நியாயமும் இருந்தது. ஆனால் தன் வயலில் கைவைத்தவனைக் கண்டதும், அவன் வீட்டில் யாராவது அதைச் சாப்பிட்டுவிடுவார்களே என்றுதான் அவருக்குத் தோன்றியிருக்கிறது. இப்போதெல்லாம் பின்னாலிருந்து யார் கூப்பிட்டாலும் வண்டியை நிறுத்தி, திட்டாகவே இருந்தாலும் முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் போகிறேன்.