பாக்கியத்தின் பெயர் விட்டுப்போன கட்டுரை

போன வாரம் சொந்த ஊரான ராஜபாளையத்தில் என் மடிக்கணினி சூடேறி நின்றுவிட்டது. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துக் கடையில் அதைத் திறந்து ஊதினார்கள். சூடான தூசி வாசனை முகத்தில் அடித்தது. உங்களுக்கு அது வெறும் தூசிதான். எனக்குப் பாக்கியத்தின் ஞாபகம் வந்துவிட்டது.

ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் அவளும் நானும் ஒரே நாளில் விரிவுரையாளர்களாகச் சேர்ந்தோம். அவள் வீடு அந்த ஊரிலேயே மடவார் வளாகத்தில். ஒரு பெரிய கணக்கைத் துண்டு போட்டு, பல கணினிகளிடம் பிரித்துக் கொடுத்து, ஒரே சமயத்தில் செய்ய வைப்பதில் இருவருக்கும் பைத்தியம். அதற்குக் கணினிகள் வேண்டுமே! ராஜபாளையத்து நூற்பாலை ஒன்றில் கழித்துக் கட்டிய பதினாறைக் கேட்டு வாங்கி வந்தோம். திறந்தால் உள்ளே ஒரே பஞ்சு. பெயின்ட் பிரஷ்ஷால் தட்டித் தட்டி எடுத்ததில் எங்கள் தலை வெளுத்துவிட்டது.

“ஏட்டி, ஒரே நாள்ல கெழவியாயிட்டோம்” என்று சிரித்தாள்.

அந்தக் கிழட்டுக் கணினிகளில் ஏதாவது ஒன்று பாதியில் நின்றுவிடும். மற்றவை அதற்காகக் காத்துக் கிடக்கும். அதுவரை செய்ததெல்லாம் வீண். நான் அவற்றைத் திட்டுவதில் தேர்ச்சி பெற்றேன். அவள் யோசித்தாள்.

“வீட்ல ஒருத்தர் படுத்துட்டா அவிய வேலைய மத்தவிய பங்குபோட்டுச் செய்யலையா? அதத்தான் இதுகளுக்கும் சொல்லிக் குடுக்கணும்.”

சொல்ல எளிது. யார் எதுவரை செய்தார் என்று எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்; அதைச் சொல்வதிலேயே நேரம் போய்விடவும் கூடாது. பல மாதம் எழுதி எழுதி அடித்தாள். ஒரு மத்தியானம், கணக்கு ஓடிக்கொண்டிருக்கும்போதே ஏழாம் கணினியின் ஒயரைப் பிடுங்கினாள். கணக்கு நிற்கவில்லை. இன்னொன்றைப் பிடுங்கினாள். அப்போதும் நிற்கவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள்.

அடுத்த வருடம் எனக்குப் பெங்களூரில் ஆராய்ச்சி செய்ய இடம் கிடைத்தது. அவளுக்கும்தான் கிடைத்தது. அப்பா படுத்த படுக்கையாக இருந்ததால் அவள் வரவில்லை.

“நீ போயி எழுதுட்டி. ரெண்டு பேரு பேரையும் போடு, அம்புட்டுதான்.”

எழுதினேன். என் வழிகாட்டி, “வெளி ஆள் பேர் எதுக்கு? கடைசியில நன்றி சொல்லிக்கலாம்” என்றார். நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பக்கம் போதாமல் அந்த நன்றியும் வெட்டுப்பட்டது. அந்தக் கட்டுரைதான் எனக்குப் பேரும் வேலையும் வாங்கித் தந்தது.

அதை அவளுக்கு அனுப்பும் தைரியம் எனக்கு இல்லை. அவளே தேடிப் படித்துவிட்டுப் போன் செய்தாள்.

“ஏழாம் நம்பர் மிஷின எழுதியிருக்க. ஒயரப் புடுங்குனவளத்தான் காணோம்.” பிறகு, “சரி, வைக்கேன்” என்றாள்.

அதன்பின் அவள் ஆராய்ச்சிப் பக்கமே போகவில்லை என்று கேள்விப்பட்டேன். ஊருக்கு வரும்போதெல்லாம் அவளைப் பார்க்க நினைப்பேன். பஸ் ஏறினால் அரை மணி நேரம்கூட ஆகாது. வருடக்கணக்கில் ஏறவில்லை.

போன வாரம் ஏறினேன். கதவைத் திறந்தவர் அவளுடைய அண்ணன். பாக்கியம் இறந்து இரண்டு வருடமாகிறது, புற்றுநோய் என்றார். அவருக்கு என்னை யாரென்று தெரியவில்லை; கூட வேலை பார்த்தவள் என்று மட்டும் சொன்னேன்.

“கம்ப்யூட்டர்ல என்னமோ பெருசா செஞ்சான்னு அப்பா சொல்லுவாரு. என்னன்னு எங்க யாருக்கும் தெரியாதும்மா. நீங்க சொல்லுங்களேன்.”

சொன்னேன். அது முழுக்க அவளுடையது என்று முதன்முதலாக வாய்விட்டுச் சொன்னேன். அவருக்கு எம்புட்டு விளங்கியதோ, தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். அவள் எழுதிய நோட்டுகள் இருக்கின்றனவா என்று கேட்டேன்.

“வெள்ளையடிக்கையில பழைய பேப்பர்ல போட்டுட்டோம்மா.”

திரும்பும்போது கல்லூரி வாசலில் இறங்கினேன். மாணவர்கள் சேராததால் கல்லூரியை மூடிவிட்டார்கள். கேட்டில் பூட்டு. எங்கள் ஆய்வகம் இருந்த மாடியில் ஜன்னல்களைக்கூடக் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள்.